மண்ணுக்குக் கணக்கு எழுதிய ஆடிட்டர்

1929-ம் ஆண்டு, மே மாதம் 9-ந் தேதி.

சபர்மதி ஆற்றங்கரை. காந்தி அடிகளின் ஆசிரமம்.

பம்பாயில் இருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். அவருக்கு வயது 37. மேல்நாட்டு உடை. மடிப்புக் கலையாத பட்டுக் கால்சட்டை. கையில் ஒரு தடி.

அவர் தங்குவதற்கு ஓர் அறை கொடுத்தார்கள். அறையில் ஒரு கட்டில்தான் இருந்தது. மேசை இல்லை, நாற்காலி இல்லை. அவருக்கு மனம் ஒப்பவில்லை. காந்தி அடிகளைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்.

பிற்பகல் இரண்டரை மணிக்குச் சந்திப்பு. ஐந்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டார். வழியில் ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு கிழவர் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறதே என்று விருந்தாளி தடியை ஊன்றியபடி வேடிக்கை பார்த்தார்.

சிறிது நேரம் கழிந்தது. கிழவர் பல் இல்லாத வாயால் சிரித்தார். வந்திருப்பவர் குமரப்பாதானா என்று கேட்டார்.

குமரப்பா திடுக்கிட்டார். எதிரே இருப்பவர் காந்தி அடிகள் என்பது அப்பொழுதுதான் புரிந்தது!

உடனே அவர், பட்டுக் கால்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து ஒருவர் வீட்டுக்குள் இருந்து நாற்காலி கொண்டு வந்தார். குமரப்பா அதை ஏற்கவில்லை.

அன்று தரையில் உட்கார்ந்தவர் பிறகு நாற்காலியைத் தேடிப் போகவே இல்லை. சீமையில் படித்த அந்த ஆடிட்டர், அதன் பிறகு 30 ஆண்டுகள் இந்தியக் கிராமங்களின் கணக்கையே பார்த்தார். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

தஞ்சையில் பிறந்தவர்

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை சென்னை அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். பிள்ளைகளைக் கண்டிப்புடன் வளர்த்தவர்.

செல்லத்துரை லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். தேர்ச்சி பெற்று அங்கேயே வேலையும் பார்த்தார். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் லண்டனில்தான் இருந்தார். போர் முடிந்ததும், தாயார் அழைத்ததால் இந்தியா திரும்பினார்.

பம்பாயில் சொந்தமாகத் தணிக்கைத் தொழில் தொடங்கினார். வருமானத்துக்குக் குறைவு இல்லை. வெள்ளைக்காரத் துரையைப் போலவே உடுத்தினார். வாழ்க்கை சொகுசாக நடந்தது.

1927-ல் அமெரிக்காவுக்குப் போனார். ஓய்வுக்காகப் போனவர் சும்மா இருக்கவில்லை. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். பிறகு நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியர் பேராசிரியர் செலிக்மன். வரி, அரசாங்கச் செலவு பற்றிய கல்வியில் உலகப் புகழ் பெற்றவர்.

அமெரிக்காவில் இருந்தபோது குமரப்பா ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் பேசினார். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பேச்சின் பொருள். அது பத்திரிகையில் வந்தது. செலிக்மன் அதைப் படித்தார். அதையே ஆராய்ந்து எழுதும்படி மாணவரைத் தூண்டினார்.

ஆடிட்டர் வெள்ளைக்கார அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கைப் புரட்டினார். இந்திய உழவன் கொடுத்த வரிப்பணம் எங்கே போகிறது என்று பார்த்தார். பட்டாளத்துக்குப் போனது. கடன் வட்டிக்குப் போனது. பெரிய உத்தியோகஸ்தர்களின் சம்பளத்துக்குப் போனது. உழவனுக்குத் திரும்பி வந்தது மிகவும் சொற்பம்.

கம்பெனிக் கணக்கில் களவு நடந்தால் கண்டுபிடிப்பது அவர் தொழில். இப்பொழுது ஒரு நாட்டின் கணக்கிலேயே ஓட்டையைக் கண்டார். அவர் மனம் மாறியது.

1929-ல் இந்தியா திரும்பினார். கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். எழுதிய ஆராய்ச்சி நூலை அச்சிட வேண்டும். அதற்காகத்தான் காந்தி அடிகளைப் பார்க்கப் போனார்.

கிராமத்தின் கணக்கு

காந்தி அடிகள் அந்த ஆராய்ச்சியைத் தமது 'யங் இந்தியா' பத்திரிகையில் தொடர்ந்து வெளியிட்டார். அதோடு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் ஒரு பகுதியின் கிராமங்களை ஆராய்ந்து, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கு எடுக்க வேண்டும்.

குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆயினும் ஒப்புக்கொண்டார். கேடா ஜில்லாவைச் சேர்ந்த மாத்தர் தாலுகாவுக்குப் போனார். மேல்நாட்டு உடை போய்விட்டது. கதர் வந்துவிட்டது.

குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, 50-க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்தார். வீட்டுக்கு எத்தனை மாடு? எவ்வளவு நிலம்? எவ்வளவு விளைச்சல்? எவ்வளவு கடன்? எவ்வளவு வரி? எல்லாவற்றையும் குறித்தார்கள்.

உழவர்களின் வரிச் சுமை அவர்கள் தாங்கக் கூடியதை விட அதிகம் என்று அந்த அறிக்கை காட்டியது. 1931-ல் அது புத்தகமாக வந்தது. ஒரு கிராமத்தின் வறுமையைக் கண்ணீரால் மட்டும் அல்ல, கணக்காலும் காட்ட முடியும் என்று அந்தப் புத்தகம் கற்றுக்கொடுத்தது.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. காந்தி அடிகள் கைதானார். 'யங் இந்தியா'வை நடத்தும் பொறுப்பில் குமரப்பாவும் பங்கு கொண்டார். அவர் எழுதியதற்காக வெள்ளைக்கார அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டது. அதற்குப் பிறகும் பல முறை சிறை சென்றார்.

காந்திக்கும் சலுகை இல்லை!

1934-ம் ஆண்டு ஜனவரி மாதம் பீகாரில் பெரிய பூகம்பம் உண்டானது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஊர்கள் தரைமட்டம் ஆயின. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை நடந்தது. நாடு முழுவதிலும் இருந்து பணம் வந்து குவிந்தது. அந்தப் பணத்துக்குக் கணக்கு வைக்க ஒருவர் வேண்டும். குமரப்பாவை அழைத்தார்கள்.

அவர் வைத்த கணக்கு இரும்புக் கணக்கு. தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நாளுக்கு இவ்வளவு என்று ஒரு சிறிய தொகையை நிர்ணயித்தார். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

அந்தச் சமயத்தில் காந்தி அடிகள் தம் பரிவாரத்தோடு பீகாருக்கு வந்தார். காருக்குப் பெட்ரோல், சாப்பாட்டுக்குப் பாலும் பழமும் என்று செலவு ஆனது. அந்தச் செலவை நிவாரண நிதியில் இருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா மறுத்துவிட்டார். வீடு இழந்தவர்களுக்காக வந்த பணம் அது. மகாத்மாவாக இருந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

காந்தி அடிகள் கோபிக்கவில்லை. இப்படி ஒருவர்தான் வேண்டும் என்று எண்ணினார்.

செக்கும் உரலும்

அதே 1934-ம் ஆண்டின் கடைசியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. வார்தாவில் ஒரு தோட்டத்தை ஜம்னாலால் பஜாஜ் கொடுத்தார். அதற்கு மகன்வாடி என்று பெயர். குமரப்பா சங்கத்தின் செயலாளர் ஆனார்.

அங்கே என்ன நடந்தது?

எண்ணெய்ச் செக்கைச் சீர்திருத்தினார்கள். கையால் காகிதம் செய்தார்கள். தேனீ வளர்த்தார்கள். பனஞ்சாற்றில் வெல்லம் காய்ச்சினார்கள். சோப்புச் செய்தார்கள். புகை அடுப்படியில் தேங்காமல் வெளியே போகும் அடுப்பு ஒன்றைச் செய்தார்கள். வெளிநாட்டு மண்ணெண்ணெய் இல்லாமல், தாவர எண்ணெயிலேயே எரியும் விளக்கையும் செய்தார்கள். அதற்கு 'மகன் தீபம்' என்று பெயர்.

இவை சின்ன வேலைகளாகத் தோன்றலாம். ஆனால் இவற்றின் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருந்தது.

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஊரில் நெல் விளைகிறது. முன்பு பெண்கள் உரலில் குத்தினார்கள். அவர்களுக்குக் கூலி கிடைத்தது. உமி ஊரிலேயே தங்கியது. தவிடு மாட்டுக்குப் போனது. மாடு சாணம் போட்டது. சாணம் வயலுக்குப் போனது. அரிசியிலும் தவிட்டின் சத்துக் கொஞ்சம் தங்கியிருந்தது.

பிறகு பட்டணத்தில் அரிசி ஆலை வந்தது. நெல் வண்டி ஏறிப் போனது. பெண்களின் கூலி நின்றது. தவிடு போனது. அரிசி வெள்ளை வெளேர் என்று தீட்டப்பட்டது. அதில் இருந்த உயிர்ச்சத்தும் போனது. தீட்டிய அரிசியையே தின்றவர்களுக்கு 'பெரிபெரி' என்ற நோய் வந்தது.

ஒரு மூட்டை நெல் ஊரை விட்டுப் போனால் நெல் மட்டும் போவதில்லை. கூலியும் போகிறது, மாட்டுத் தீனியும் போகிறது, எருவும் போகிறது. இதுதான் குமரப்பா கண்ட கணக்கு.

சிறையில் பிறந்த புத்தகம்

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் மூண்டது. குமரப்பா மீண்டும் சிறை சென்றார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று, ஏசுநாதரின் போதனையைப் பற்றியது. மற்றொன்று, நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டுக்கும் காந்தி அடிகள் முன்னுரை எழுதினார். வேடிக்கையாக இரண்டு டாக்டர் பட்டங்களும் வழங்கினார். அவற்றில் ஒன்று, கிராமக் கைத்தொழில் டாக்டர்!

நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்றால் என்ன?

உலகில் இரண்டு வகைச் செல்வம் உண்டு என்றார் குமரப்பா. ஒன்று தொட்டியில் உள்ள தண்ணீரைப் போன்றது. எடுக்க எடுக்கக் குறையும். நிலக்கரி, பெட்ரோல், இரும்பு முதலியவை அப்படிப்பட்டவை. மற்றொன்று ஓடுகிற ஆற்றைப் போன்றது. மழை, காடு, விளைச்சல், மனிதனின் உழைப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஆண்டுதோறும் வரும். தொட்டியை நம்பி வாழும் நாடுகள், அது வற்றும்போது ஒன்றோடு ஒன்று சண்டை போடும் என்று எச்சரித்தார்.

இதைச் செட்டிநாட்டார் எளிதில் புரிந்துகொள்வார்கள். காரைக்குடியைச் சுற்றி உள்ள ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகள் இருக்கின்றன. அவற்றில் பல, கடல் கடந்து சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. பர்மாவின் நெல் வயல்களில் பெரும் பங்கு ஒரு காலத்தில் நகரத்தார் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. பணம் வந்த வழி அடைபட்டது. பல வீடுகள் பூட்டிக் கிடந்தன.

ஆனால் அதே செட்டிநாட்டில், கூரையில் விழும் மழை நீரை வடிகால் வழியாக ஊருணிக்குச் சேர்க்கும் ஏற்பாடு ஒன்றையும் முன்னோர்கள் செய்து வைத்தார்கள். மழை பெய்யும் வரை, கால்வாயைத் தூர்க்காத வரை, ஊருணிக்குத் தண்ணீர் வரும். வற்றிப்போகும் செல்வம் எது, வற்றாத செல்வம் எது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

புலியும் தேனீயும்

மனிதன் எப்படி வாழ வேண்டும் என்பதையும் குமரப்பா விலங்குகளை வைத்தே விளக்கினார்.

புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. அது அழித்து வாழ்கிறது. குரங்கு மாந்தோப்பில் புகுந்து பழத்தைத் தின்கிறது. மரத்தை அழிப்பதில்லை, ஆனால் மரம் வளர்க்க அது ஒன்றும் செய்ததும் இல்லை. குருவி தானே உழைத்துக் கூடு கட்டுகிறது. தேனீ தன் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. தேன் எடுக்கும்போதே பூ காயாவதற்கும் உதவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே தாய்ப் பறவை. எந்தக் கூலியும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது.

புலியில் இருந்து தாய்ப் பறவை வரை ஐந்து படிகள். மனிதன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

நிலத்துக்கும் இதே கேள்விதான். மண்ணில் இருந்து எடுப்பதை உழவன் மண்ணுக்குத் திருப்பித் தருகிறானா? சாணத்தை வரட்டி தட்டி எரித்தால், அது மண்ணுக்குச் சேர வேண்டிய கடன். பிண்ணாக்கையும் எலும்பையும் கப்பல் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பினால், அதுவும் மண்ணின் கடன். அதனால் எலும்புத் தூளையும், மக்கிய குப்பையையும், மனிதக் கழிவில் செய்த எருவையும் வயலில் சேர்க்கும்படி அவரும் அவருடைய சங்கமும் பிரசாரம் செய்தார்கள்.

இரசாயன உரத்தை அவர் ஏற்கவில்லை. களைத்தவனுக்குப் போதை மருந்து கொடுத்து ஓட வைப்பது போன்றது அது என்று கருதினார். டிராக்டரைப் பற்றியும் அவர் சொன்னதாக ஒரு வேடிக்கை உண்டு. டிராக்டர் நன்றாக உழும், ஆனால் சாணம் போடாது என்பதுதான் அது. இதைப் பிற்காலத்தில் இயற்கை விவசாயிகள் மேடைக்கு மேடை எடுத்துச் சொன்னார்கள்.

முதலில் சோறு, பிறகு பணம்

குமரப்பா சொன்ன பண்ணை முறை ஒன்று உண்டு. அதுதான் சமச்சீர்ச் சாகுபடி.

ஒரு வட்டாரத்தில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டும்? 16 அவுன்சு தானியம், 2 அவுன்சு பருப்பு, 12 அவுன்சு பால். இவற்றோடு காய்கறி, பழம், எண்ணெய், வெல்லம். துணிக்குப் பஞ்சு. இவ்வளவும் விளைய எத்தனை ஏக்கர் தேவை என்று பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலின்படி நிலத்தைப் பிரித்துப் பயிரிட வேண்டும். வட்டாரத்தின் வயிறு நிரம்பிய பிறகுதான் விற்பனைப் பயிர்.

ஏன் இப்படி? சந்தையில் விலை ஏறியது என்று நெல் வயலைப் புகையிலைக்கும் ஆலைக் கரும்புக்கும் கொடுத்தால், உழவன் கைக்குப் பணம் வரும். ஆனால் ஊருக்குச் சோறு குறையும். விலை விழுந்தால் பணமும் போகும், சோறும் போகும்.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது.

உழுபவனுக்கு நிலம்

நாடு விடுதலை அடைந்தது. நிலச் சீர்திருத்தத்துக்குக் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. குமரப்பா தலைவர். குழு பல மாகாணங்களுக்குப் போய் விசாரித்தது. 1949-ல் அறிக்கை கொடுத்தது.

அரசாங்கத்துக்கும் உழவனுக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர்கள் கூடாது. உழுபவனுக்கு நிலம் சேர வேண்டும். ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும். இவை குழுவின் முக்கிய யோசனைகள். நிலம் தனக்குச் சொந்தம் என்றால்தான் உழவன் அதற்கு எரு போடுவான், வரப்பைக் காப்பான். அடுத்த ஆண்டு தனக்கு இல்லாத நிலத்துக்கு யார் எரு போடுவார்கள்?

ஜமீன்தாரி முறை சட்டத்தால் ஒழிந்தது. சிவகங்கை ஜமீனும் அப்பொழுதுதான் முடிந்தது. ஆனால் உச்சவரம்பு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் ஓட்டைகளோடு வந்தது.

குமரப்பாவின் யோசனைகளில் பல காகிதத்தோடு நின்றன. 1938-ல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் அவர் இடம் பெற்றிருந்தார். பெரிய ஆலைகளுக்கே அங்கு மதிப்பு என்று கண்டு, சில மாதங்களிலேயே விலகியவர் அவர். விடுதலைக்குப் பிறகும் நாடு அந்தப் பாதையிலேயே சென்றது. பெரிய அணைகள், பெரிய எஃகு ஆலைகள், பெரிய உரத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோழர்கள் பலர் மந்திரிகள் ஆனார்கள். குமரப்பா வெளியே நின்றார். கோபக்காரர் என்று பெயர் வாங்கினார்.

பண்ணை ஆசிரமம்

பேசியது போதும், செய்து காட்டுவோம் என்று எண்ணினார். வார்தாவுக்குச் சற்றுத் தொலைவில் சேல்தோ என்று ஒரு கிராமம். 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஆசிரமம் அமைத்தார். சுற்றிலும் மராத்தி பேசும் மக்கள். ஆயினும் அதற்கு அவர் வைத்த பெயர் தமிழ்ப் பெயர். பண்ணை ஆசிரமம்!

மாடு, எரு, கிணறு, கைத்தொழில் ஆகியவற்றைக் கொண்டே ஒரு கூட்டம் தன் சோற்றைத் தானே விளைவித்து வாழ முடியும் என்று காட்டுவது நோக்கம். சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய் வந்தவர் அவர். சிறு நிலத்தில் கைக்கருவிகளாலேயே நல்ல விளைச்சல் எடுப்பதைப் பார்த்து வந்தார்.

ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. இரத்தக் கொதிப்பு அவரை வாட்டியது. வயது 60-ஐத் தாண்டிவிட்டது. நினைத்த அளவுக்குப் பண்ணையை வளர்க்க முடியவில்லை. மனத்தாங்கலோடு வட நாட்டை விட்டுப் புறப்பட்டார்.

கல்லுப்பட்டிக் குடில்

அவர் வந்து சேர்ந்த இடம் மதுரை ஜில்லா, தே.கல்லுப்பட்டி. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருந்தது. 1940-ல் கோ.வேங்கடாசலபதி தொடங்கியது. ஆசிரமத்தில் குமரப்பா ஓர் எளிய குடிலில் தங்கினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை.

குடிலின் சுவரில் ஓர் ஏழை உழவனின் படம் மாட்டியிருந்தது. வந்தவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி, அவர்தான் தம் எஜமானின் எஜமான் என்று சொல்லுவார். எஜமான் காந்தி அடிகள். காந்தி அடிகளுக்கு எஜமான் இந்த உழவன்.

கல்லுப்பட்டியும் சிவகங்கையும் இராமநாதபுரமும் வானம் பார்த்த பூமி. இங்கே ஆண்டு முழுவதும் வற்றாமல் ஓடும் ஆறுகள் இல்லை. கண்மாய்தான் உயிர். இந்தச் சீமையின் உழவர்கள் குமரப்பாவின் புத்தகத்தைப் படித்தவர்கள் அல்ல. ஆயினும் அவர் சொன்ன கணக்கு அவர்களுக்குப் பாட்டன் காலம் முதல் தெரியும்.

கோடையில் கண்மாய் வற்றும். அடியில் படிந்த வண்டல் மண்ணை வண்டியில் அள்ளி வயலில் கொட்டுவார்கள். கண்மாயும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். அறுவடை ஆன நிலத்தில் ஆட்டுக் கிடை போடுவார்கள். ஆடுகள் இரவு முழுவதும் அங்கே அடைந்து கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். ஆட்டுக்காரருக்குக் கூலி கிடைக்கும். ஊர் கூடிக் கண்மாய்க் கரையைச் செப்பனிடுவது குடிமராமத்து.

மண்ணில் எடுத்ததை மண்ணுக்கே கொடுக்கும் வழக்கம் இது. குமரப்பா புதிதாக ஒன்றைக் கொண்டு வரவில்லை. கிராமத்தான் கையால் செய்ததை, மேல்நாட்டுப் படிப்பு படித்தவர் கணக்காக எழுதிக் காட்டினார். அவ்வளவுதான்.

அதே ஜனவரி 30

நோய் முற்றியது. சென்னைப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி குமரப்பா காலமானார். அவருக்கு வயது 68. காந்தி அடிகள் சுடப்பட்டு இறந்ததும் ஒரு ஜனவரி 30-ந் தேதிதான். சரியாக 12 ஆண்டுகளுக்குப் பின், அதே நாளில் சீடரும் கண் மூடினார்.

வென்றாரா, தோற்றாரா?

குமரப்பா இறந்த சில ஆண்டுகளில் நாட்டில் உணவுப் பஞ்சம் தலை காட்டியது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்க்க வேண்டிய நிலை வந்தது. அப்பொழுது புதிய ஒட்டு விதைகளும் இரசாயன உரமும் பம்பு செட்டும் வந்தன. விளைச்சல் பெருகியது. கப்பலை எதிர்பார்க்கும் நிலை மாறியது. இது உண்மை. இதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் காலத்தில் குமரப்பாவின் பெயரைச் சொன்னவர்களைப் பழைய பஞ்சாங்கம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு.

ஆனால் கணக்கின் அடுத்த பக்கமும் இருந்தது. பல ஊர்களில் கிணறுகள் ஆழத்துக்குப் போயின. ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. அவற்றிலும் நீர் இறங்கியது. மண்ணுக்குப் போட வேண்டிய உரத்தின் அளவு ஏறியது. உழவனின் கடனும் ஏறியது. கண்மாய்கள் தூர்ந்தன. வரத்துக் கால்வாய்களில் சீமைக் கருவேல் மண்டியது.

1973-ல் ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் ஒரு நூல் வெளியிட்டார். சிறியதே அழகு என்பது அதன் தலைப்பின் பொருள். உலகம் முழுவதும் படிக்கப்பட்ட அந்த நூலில் குமரப்பாவின் கருத்தும் எடுத்துக் காட்டப்பட்டது. தமிழ்நாட்டில் இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராக நடந்த நம்மாழ்வாரும் குமரப்பாவை மக்களுக்கு நினைவூட்டினார். கல்லுப்பட்டிக் குடிலில் ஒதுங்கி வாழ்ந்தவரைத் தேடி, அவர் இறந்த பிறகு உலகம் வந்தது.

குமரப்பா சொன்ன எல்லாமே சரி என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்ட கேள்வி மட்டும் நிற்கிறது. ஒரு கடைக்காரர் முதலை எடுத்துச் செலவு செய்துவிட்டு, அதை லாபம் என்று எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார். மண்ணின் சத்தும் நிலத்தடி நீரும் உழவனின் முதல். அதை எடுத்துத் தின்றுவிட்டு விளைச்சல் பெருகியது என்று எழுதலாமா?

சிவகங்கைச் சீமையில் ஒரு நல்ல மழை பெய்தால் கண்மாய் நிறைகிறது. கரை உடையாமல் இருந்தால் நெல் விளைகிறது. கரையைக் காப்பதும், வண்டலை வயலுக்குச் சேர்ப்பதும், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் ஊரார் கையில் இருக்கின்றன.

பட்டுக் கால்சட்டையோடு சாணத் தரையில் உட்கார்ந்த அந்த ஆடிட்டர் எழுதி வைத்த கணக்கு அதுதான். அந்தக் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை.